டியூக்கின் 2.1 நொடி ஷாட்டை இறுதியாட்டத்தில் தேடாதீர்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் டியூக் பல்கலைக்கழக வீரர் கிறிஸ்டியன் லேட்னர் கடைசி நொடியில் எறிந்து வென்ற ஷாட்டைத் தேடி, 1992 இறுதியாட்டத்தை முழுவதும் பார்த்தும் அது வரவில்லை என்கிறீர்கள். வராது. அது நடந்தது கிழக்கு மண்டல இறுதியில், அதாவது தொடரின் காலிறுதியில். மார்ச் 28, பிலடெல்பியாவில் டியூக்கும் கென்டக்கியும் மோதிய ஆட்டம். கூடுதல் நேரத்தில் 104-103 என டியூக் வென்றது.

அந்த ஆண்டு கோப்பையும் டியூக்குக்கே போனதால் இரண்டும் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கும். இறுதியில் மிச்சிகனை 71-51 என்று ஊதித் தள்ளினார்கள். அதில் கடைசி நொடிக்கு என்ன வேலை?

சரியான வீடியோதானா என்று பார்க்க: கென்டக்கி 103-102 என முன்னிலை, கடிகாரத்தில் 2.1 நொடி. டியூக்கின் கிராண்ட் ஹில் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை மைதானத்தின் மறுபக்கத்துக்கு வீசுவார். அவர் முன்னால் கையை உயர்த்தி மறிக்க ஒரு ஆள்கூட இல்லை. கென்டக்கி ரசிகர்களுக்கு இன்னும் ஆறாத புண் அதுதான். லேட்னர் கூடைக்கு முதுகைக் காட்டியபடி பந்தைப் பிடிப்பார், வலப்பக்கம் போவதுபோல் தரையில் ஒருமுறை தட்டுவார், அப்புறம் இடப்பக்கம் திரும்பி எறிவார். இரண்டு நொடியில் ஒருமுறை தட்ட எப்படி மனசு வந்ததோ! அன்று கூடையை நோக்கி எறிந்த பத்தும் உள்ளே, ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் மறிப்பில்லாத எறிதல்) பத்தும் உள்ளே.

ஒன்று கவனம். 1990-இல் கனெக்டிகட்டையும் இதே லேட்னர் கடைசி நொடியில்தான் சாய்த்தார், 79-78. வெளியிலிருந்து பந்தை உள்ளே கொடுத்தவரே திரும்ப வாங்கி எறிந்தால், நீங்கள் பார்ப்பது அந்த ஆட்டம்.