கனமான லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு மெலிந்ததை வாங்கலாமா?

கேள்வி: கோவையில் வீட்டிலிருந்தபடியே இன்டீரியர் டிசைன் வேலை செய்கிறேன். வயது 36. ஆண்டு வரவு சுமார் 11 லட்சம் ரூபாய். ஜிஎஸ்டி பதிவு இல்லை. 2021 ஆகஸ்டில் 1,12,000 ரூபாய்க்கு வாங்கிய 17.3 அங்குல கேமிங் லேப்டாப்பில்தான் ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் என்ற வரைபட மென்பொருள்கள், ரெண்டரிங் (வரைந்ததை நிஜப் படம்போல உருவாக்குவது) என எல்லா வேலையும் நடக்கிறது (11-ஆம் தலைமுறை ஐ7, ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் சிப், 16 ஜிபி ரேம்). அதன் எடை 2.7 கிலோ, சார்ஜர் மட்டும் முக்கால் கிலோ. வாரத்தில் மூன்று நாள் திருப்பூர், பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் என்று சைட்டுக்குப் போகிறேன். ஸ்கூட்டரிலும் பஸ்ஸிலும் இதைச் சுமந்து தோள்வலி வந்துவிட்டது. கடையில் ஆர்டிஎக்ஸ் 4060 உள்ள 14 அங்குல லேப்டாப் ஒன்றைப் பார்த்தேன். எடை 1.6 கிலோ, விலை 1,38,000 ரூபாய். என்னுடையதற்கு 22,000 ரூபாயும் எக்ஸ்சேஞ்ச் போனஸாக 5,000 ரூபாயும் தருகிறார்கள். மீதி 1,11,000 ரூபாயை வட்டியில்லாத் தவணையில் மாதம் 9,250 வீதம் 12 மாதத்தில் கட்டலாம். என் தோழி இதே மாடலைத் தனியாக விற்று 40,000 ரூபாய் வாங்கினாள். "தொழிலுக்காக வாங்கினால் வரியும் மிச்சம்" என்கிறார் கடைக்காரர். "ஓடுகிற வண்டியை எதற்கு விற்க வேண்டும்" என்கிறார் கணவர். வீட்டுச் செலவில் மாதம் 30,000 ரூபாய் என் பொறுப்பு. சேமிப்பு என்றால் வங்கியில் 1,60,000 ரூபாய் எஃப்டி மட்டும்தான். சலுகை இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. மாற்றலாமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மாற்ற வேண்டாம். ஆனால் அந்த மூன்றரை கிலோவை இனியும் சுமக்க வேண்டாம். இரண்டையும் ஒன்றாகச் சொல்வது முரண்பாடாகத் தெரியலாம். உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன, கடைக்காரர் அவற்றை ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கிறார். தோள்வலி உண்மையான பிரச்சினை. ரெண்டரிங் வேகம் போதவில்லை என்று நீங்கள் ஓர் இடத்தில்கூட எழுதவில்லை. அவர் விற்பதோ இரண்டுக்குமான பொருள்.

முதலில் வரி விவகாரத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது எளிது. உள் அலங்காரம் வருமான வரிச் சட்டம் குறிப்பிட்டுச் சொல்லும் தொழில்களில் ஒன்று. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருப்பதால் உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டலாம். அந்த முறையில் வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும்; உங்களுக்கு ஐந்தரை லட்சம். மீதிப் பாதிக்குள் தேய்மானம் உட்பட எல்லாச் செலவும் அடங்கிவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதனால் லேப்டாப் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் காட்ட வேண்டிய லாபம் மாறாது. அதற்கும் மேலாக, புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்குத் தள்ளுபடி கிடைப்பதால் உங்களுக்கு வரியே வராது. வராத வரியில் எதை மிச்சம் பிடிப்பது? ஜிஎஸ்டி பதிவு பெற்று வழக்கமான முறையில் வரி கட்டுபவராக இருந்திருந்தால் 1,38,000 ரூபாய்க்குள் இருக்கும் 18% வரியை, அதாவது சுமார் 21,000 ரூபாயை, உள்ளீட்டு வரி வரவாக, அதாவது நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்திருக்கலாம். கடைக்காரர் அப்படிப்பட்ட வாடிக்கையாளர்களிடம் சொல்லும் வசனத்தையே உங்களிடமும் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது வட்டியில்லாத் தவணை. பூஜ்ய வட்டி என்ற பெயரில் வங்கிகள் கடன் விற்பதை 2013-லேயே ரிசர்வ் வங்கி கண்டித்துவிட்டது. இன்று நடப்பது வேறு ஏற்பாடு. வங்கி வழக்கம்போல வட்டி போடுகிறது. அந்த அளவுக்கு விற்பவர் முன்கூட்டியே விலையில் தள்ளுபடி கொடுத்து, கூட்டுத்தொகையைச் சரிக்கட்டுகிறார். ஆண்டுக்கு 16% என்று வைத்துக்கொண்டால், உங்கள் 1,11,000 ரூபாய்க்குள் ஒளிந்திருக்கும் வட்டி சுமார் 9,050 ரூபாய். அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி, சுமார் 1,630 ரூபாய், தவணையோடு சேர்ந்து மாதாமாதம் உங்கள் கிரெடிட் கார்டில்தான் ஏறும். செயல்பாட்டுக் கட்டணம் தனி. இந்தத் தொகை பெரிதில்லைதான். நீங்கள் கடையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "முழுப் பணமும் இன்றே கொடுத்தால் என்ன விலை?" வட்டிக்காக விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கும் 9,000 ரூபாயை ரொக்கத்துக்கும் விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலிருந்து அந்தச் சலுகையின் உண்மையான உருவம் தெரிந்துவிடும்.

தவணையில் எனக்குள்ள பெரிய கவலை உங்கள் தொழிலின் வரவு முறை பற்றியது. தைக்கும் ஆவணிக்கும் முன்னால் கிரகப்பிரவேசத் தேதி வைத்துக்கொண்டு எல்லோரும் அவசரப்படுத்துவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் புது வேலை தொடங்க யோசிப்பார்கள். வேலை முடிந்த பிறகும் கடைசித் தவணை பத்து சதவீதத்தைக் கொடுக்காமல் "அந்த லாஃப்ட் கதவு சரியாக மூடவில்லை" என்று இரண்டு மாதம் இழுக்கிற வாடிக்கையாளர் உங்களுக்கும் இருப்பார். இப்படி வருகிற வரவில் 12 மாதமும் தவறாமல் 9,250 எடுத்துவைப்பது மாதச் சம்பளக்காரருக்கு இருப்பதுபோல் சுலபமாக இருக்காது. ஒரு மாதம் கார்டு பாக்கி தங்கினால் வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தொடும் அளவில் ஓடத் தொடங்கும். எஃப்டியை உடைப்பதும் சரியாக வராது. ஆறு மாத வீட்டுச் செலவு 1,80,000 ரூபாய். உங்களிடம் இருப்பதே அதற்கு 20,000 குறைவு.

எக்ஸ்சேஞ்ச் தொகையைப் பார்ப்போம். போனஸையும் சேர்த்து 27,000. தோழி பெற்றது 40,000. அந்த 13,000 ரூபாய், விளம்பரம் போட்டு, பத்துப் பேரிடம் பேசி, விற்கும் தொல்லையைக் கடைக்குக் கொடுப்பதற்கான கூலி. போனஸ் என்ற சொல் அதைக் கொஞ்சம் இனிப்பாக்குகிறது, அவ்வளவுதான். 2021-இல் கொடுத்த 1,12,000 இனி கணக்கில் வராது. இன்று அந்த லேப்டாப்பின் மதிப்பு சந்தையில் 40,000, உங்கள் மேசையில் அதைவிட அதிகம்.

ஏன் அதிகம் என்பதற்கு ஒரு தொழில்நுட்ப விவரம் இருக்கிறது. கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 4060 என்பது ஒரே பெயரில் பல வேகங்களில் விற்கப்படும் சிப். தயாரிப்பாளர் அதற்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்து வேகம் மாறும். 1.6 கிலோ மெலிந்த உடம்புக்குள் சூட்டை வெளியேற்ற இடம் குறைவு என்பதால், அங்கே வாட் அளவு பெரும்பாலும் இறக்கியே வைக்கப்படும். உங்கள் 17 அங்குலப் பெட்டிக்குள் இருக்கும் பழைய 3060-க்கு நல்ல காற்றோட்டம் இருக்கிறது. நீளமான ரெண்டரிங்கில் இரண்டும் எதிர்பார்த்ததைவிட நெருக்கமாக ஓடலாம். புதியதில் கிராபிக்ஸ் நினைவகம் 6 ஜிபிக்குப் பதில் 8 ஜிபி இருக்கும். கனமான காட்சிகளுக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் திரையில் இழப்பு கண்ணுக்குத் தெரியும். 17.3 அங்குலத் திரையின் பரப்பு சுமார் 825 சதுர சென்டிமீட்டர். 16:10 வடிவ 14 அங்குலத் திரையின் பரப்பு சுமார் 568. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நாள் முழுக்கக் கோடு வரைகிறவர் அடுத்த மாதமே மானிட்டர் ஒன்று தேடுவார். அதற்கு இன்னொரு பத்தாயிரம் வைத்துக்கொள்ளுங்கள். மெலிந்த லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது சைட்டுக்கு வருவோம். பொள்ளாச்சியில் பாதி கட்டிய சமையலறையில் நின்றுகொண்டு நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள்? அளவு எடுக்கிறீர்கள். வீட்டுக்காரருக்கு முந்தைய இரவு முடித்த ரெண்டர் படங்களைக் காட்டுகிறீர்கள். ஆசாரி பிளைவுட் வெட்டும் முன்பு ஒரு டிராயரின் அகலத்தை மாற்றிக் கொடுக்கிறீர்கள். லேமினேட் நிறம் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறீர்கள். இதில் எந்த வேலைக்கும் கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். ரெண்டரிங் வீட்டில், பெரும்பாலும் இரவில், நடக்கிறது. வீட்டில் இருக்க வேண்டிய இயந்திரத்தை வாரம் மூன்று நாள் பஸ் ஏற்றுவதால்தான் தோள் வலிக்கிறது.

ஆகவே என் யோசனை: பெரியதை மேசையில் நிரந்தரமாக உட்கார வையுங்கள். சைட்டுக்கு, நிறுவனங்கள் பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்த 14 அங்குல பிசினஸ் லேப்டாப் ஒன்றை, புதுப்பிக்கப்பட்ட நிலையில், உத்தரவாதத்தோடு வாங்குங்கள். 16 ஜிபி ரேமோடு 28,000 ரூபாய்க்குள் முடிக்கப் பாருங்கள். எடை ஒன்றரை கிலோ சுற்றி இருக்கும், டைப்-சி சார்ஜர் உள்ளங்கையில் அடங்கும். இதை எஃப்டியில் கை வைக்காமல் இரண்டு மூன்று மாத வரவிலிருந்தே வாங்கிவிடலாம்.

புதுப்பித்தது வாங்கும்போது மூன்று இடத்தில் ஏமாறுவார்கள். முதலாவது, செயலி. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது; இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. விலை மலிவு என்று 6, 7-ஆம் தலைமுறையைத் தலையில் கட்டுவார்கள். நான் 10-ஆம் தலைமுறைக்குக் கீழே போக மாட்டேன். இரண்டாவது, பேட்டரி. கடையில் நின்றபடியே விண்டோஸின் பேட்டரி அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் ஒரே வரியில் வந்துவிடும், கடைப்பையனுக்குத் தெரிந்திருக்கும். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண்கள் அடுத்தடுத்து இருக்கும். முதலாவது 50,000, இரண்டாவது 27,000 என்று இருந்தால் பேட்டரியின் பாதி உயிர் போய்விட்டது என்று பொருள். புது பேட்டரிக்கு 4,000 ரூபாயைப் பேரத்திலேயே கழியுங்கள், அல்லது மாற்றித் தரச் சொல்லுங்கள். மூன்றாவது, ஜிஎஸ்டி எண்ணோடு கூடிய பில், அதில் சீரியல் எண். பில் இல்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று பின்னால் தெரிந்தால் உங்கள் கையில் எதுவும் இருக்காது.

மென்பொருள் சந்தாக்களில் எத்தனை கணினிகளில் நிறுவ அனுமதி என்று நிபந்தனையைப் படித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தைக் காட்ட மட்டும் என்றால் ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்கின் இலவச டிடபிள்யூஜி ட்ரூவியூ போதும். சைட்டில் திடீரென்று ஸ்கெட்ச்அப் கோப்பைத் திறக்க நேர்ந்தால், வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பெரிய லேப்டாப்பை குரோம் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகச் சின்னதிலிருந்தே இயக்கலாம், கட்டணம் இல்லை. விண்டோஸின் சொந்த ரிமோட் வசதி ஹோம் பதிப்பில் இப்படி வேலை செய்யாது என்பதால் இதைச் சொல்கிறேன். மின்வெட்டில் லேப்டாப் பேட்டரியில் ஓடினாலும் ரவுட்டர் அணைந்துவிடும். அதை இன்வெர்ட்டர் இணைப்பில் போட்டுவிடுங்கள்.

பெரியதற்கும் கொஞ்சம் செலவிடுங்கள். இத்தனை ஆண்டுத் தூசியை எடுத்து, தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டைக் கடத்தும் பசை) மாற்ற 1,500 ரூபாய் ஆகலாம். ரெண்டரிங் நேரத்தில் சூடு குறைவதை உடனே உணர்வீர்கள். ரேமை 32 ஜிபி ஆக்கலாமா என்று கேட்பீர்கள். 2025 கடைசியிலிருந்து நினைவக விலை நன்றாக ஏறியிருக்கிறது, ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போவதால். டாஸ்க் மேனேஜரில் ரேம் அடிக்கடி 90 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் யோசியுங்கள்.

சின்ன லேப்டாப், தேவைப்பட்டால் பேட்டரி, சுத்தம் செய்யும் கூலி எல்லாம் சேர்ந்து 33,500 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் வழியில் கையிலிருந்து போவது தவணை ஜிஎஸ்டியோடு 1,12,600-ஐத் தாண்டும். வித்தியாசம் 79,000 ரூபாய்க்கு மேல். பெரிய லேப்டாப் இன்னும் இரண்டு ஆண்டில் 40,000-இலிருந்து 20,000-க்கு இறங்கும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 20,000 நஷ்டம். அப்போதும் 59,000 ரூபாய் உங்கள் பக்கம். கணவர் சொன்னதில் பாதி சரி: ஓடுகிறதுதான், ஆனால் சுமப்பவர் அவர் இல்லையே. சின்ன லேப்டாப்புக்கு அவர் முகம் சுளித்தால் ஒரு வாரம் பையை அவர் முதுகில் மாட்டிவிடுங்கள்.

இந்தப் பதிலை நான் மாற்றிக்கொள்ளும் சூழ்நிலைகளும் உண்டு. பெரியதன் மதர்போர்டோ கிராபிக்ஸ் சிப்போ பழுதாகி, சரிசெய்ய 15,000 ரூபாய்க்கு மேல் கேட்டால் செலவழிக்காதீர்கள். கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புதியது வாங்குங்கள். வாடிக்கையாளர் எதிரிலேயே நிறத்தை மாற்றி அங்கேயே ரெண்டர் எடுத்துக் காட்டி, அதனால் கூடுதல் வேலை பிடிக்க முடிகிறது என்றாலும் வாங்கலாம். அப்போது அது வருமானம் தரும் முதலீடு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகிவிடும். பெரிய கொள்முதலை அதற்குப் பிறகு வைத்துக்கொண்டால் விலையில் அடங்கிய வரி திரும்ப வரும். அதுவரை மாதம் 5,000 ரூபாயை ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டு வாருங்கள். முதல் நான்கு மாதப் பணம் எஃப்டியின் குறையை நிரப்பட்டும், அதற்குப் பின் சேர்வது அடுத்த லேப்டாப்புக்கு.

ஞாயிற்றுக்கிழமை கெடுவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சுதந்திர தினம், ஆயுதபூஜை, தீபாவளி, பொங்கல், குடியரசு தினம் என்று கடைகளுக்குச் சலுகை போடக் காரணம் தீர்ந்ததே இல்லை. வாரக் கடைசியில் கூட்டம் இருக்கும். புதுப்பித்த லேப்டாப் பார்க்க ஒரு செவ்வாயோ புதனோ காலையில் காந்திபுரம் பக்கம் போங்கள், பேட்டரி அறிக்கையை நிதானமாகப் படிக்க விடுவார்கள்.