முசோலினி தேர்தலில் ஜெயித்து வந்தவரா, அடியாட்களை வைத்து வந்தவரா?

"1924 தேர்தலில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வாங்கினாரே, அப்புறம் ஏன் அடியாள் ஆட்சி என்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் 1924-ல் இல்லை. அதற்கு நான்கு வருடம் முன்னால், வட இத்தாலியின் போ நதிச் சமவெளி வயல்களில் இருக்கிறது.

முதலில், தேர்தலை மட்டும் நம்பியிருந்தால் முசோலினியின் கதை 1919-லேயே முடிந்திருக்கும். அந்த நவம்பரில் மிலானில் அவருடைய வேட்பாளர் பட்டியலுக்கு 5,000 வாக்குகூட விழவில்லை. (அந்தப் பட்டியலில் இசைமேதை தோஸ்கனீனியின் பெயரும் இருந்தது. பின்னாளில் அவர் பாசிசத்தின் கடும் எதிரி.)

போ சமவெளியில் பெரிய பண்ணைகள், அவற்றை நம்பிப் பிழைக்கும் தினக்கூலிகள். வருடத்தில் பாதி நாள் வேலை இருக்காது. யாருக்கு வேலை என்பதைச் சோஷலிஸ்ட் கூலிச் சங்கங்கள் தீர்மானித்தன. சங்கத்தை மீறி ஆள் எடுத்தால் அபராதம், ஊர்விலக்கம். 1920 அக்டோபரில், நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, அந்தச் சமவெளியின் பொலோனியா பகுதி நிலக்காரர்கள் சங்கத்திடம் பணிந்து கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த மாதமே, நவம்பர் 21-ல், அதே பொலோனியாவில் புதிய சோஷலிஸ்ட் மேயர் பதவியேற்ற அன்று முசோலினியின் பாசிஸ்டுகள் நகர்மன்றத்தைத் தாக்கினார்கள். பதற்றத்தில் சோஷலிஸ்ட் காவலர்கள் எறிந்த குண்டுகள் தங்கள் ஆட்கள் மீதே விழுந்தன. உள்ளே எதிர்க்கட்சிக் கவுன்சிலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பழி மொத்தமும் சோஷலிஸ்டுகள் தலையில் விழ, நிலக்காரர்களின் பணம் பாசிஸ்டுகள் பக்கம் பாய ஆரம்பித்தது.

அப்புறம் நடந்தது ஒரே மாதிரிதான். ராத்திரியில் லாரி வரும். சங்கக் கட்டடம் எரியும், தலைவருக்கு உருட்டுக்கட்டை அடி, வாயில் விளக்கெண்ணெய். மறுவாரம் வேலை வேண்டுமென்றால் கூலிக்காரர் பாசிஸ்ட் சங்கத்தில்தான் பெயர் கொடுக்க வேண்டும். பல ஊர்களில் போலீஸ் வேடிக்கை பார்த்தது. ராணுவ அதிகாரிகள் துப்பாக்கி கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், உருட்டுக்கட்டையைவிட இந்த வேடிக்கைதான் பெரிய குற்றம். 1922 ஆகஸ்ட்டில் பாசிஸ்ட் தளபதி பால்போ ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிக்கொண்டு பார்மா நகருக்குப் போனபோது, குயீதோ பிச்செல்லி தலைமையில் மக்கள் தெருக்களில் தடுப்பு கட்டி எதிர்த்தார்கள். கடைசியில் பால்போதான் திரும்பிப் போனார். தடுக்கவே முடியாத படை இல்லை அது.

இந்தப் படைகள் முசோலினி பேச்சைக் கேட்டன என்றும் சொல்லிவிட முடியாது. 1921 ஆகஸ்ட்டில் அவர் சோஷலிஸ்டுகளோடு சமாதான ஒப்பந்தம் போட்டார். ஊர்த் தளபதிகள் எகிறினார்கள். சில மாதத்தில் அவரே அதைக் கைவிட்டார்.

தேர்தல் கதவைத் திறந்துவிட்டவர் பழுத்த லிபரல் பிரதமர் ஜொலித்தி. 1921 மே தேர்தலில் பாசிஸ்டுகளைத் தன் கூட்டணியில் சேர்த்துக்கொண்டார். கிடைத்தது 535-ல் 35 இடம். அந்த 35-ஐ வைத்துக்கொண்டுதான் 1922 அக்டோபரில் முசோலினி பிரதமரானார். ஆட்சியைக் கேட்டு பாசிஸ்டுகள் ரோமை நோக்கிக் கிளம்பிய பேரணியைத் தடுக்க அவசரநிலை ஆணை தயாராக இருந்தது, மன்னர் கையெழுத்துப் போடவில்லை. தொண்டர்கள் மழையில் நனைந்துகொண்டிருக்க, தலைவர் மிலானிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார்.

டிசம்பரில் 'தேச நோக்கத்துக்காக' செய்த குற்றங்களுக்குப் பொதுமன்னிப்பு. 1923-ல் அந்த அடியாள் படையே அரசு மிலிஷியா (துணைப்படை) ஆனது. நீங்கள் சொல்லும் 1924 தேர்தல் இவர்கள் காவலில் நடந்ததுதான். அதில் நடந்த அடிதடியை மே 30-ல் சோஷலிஸ்ட் எம்.பி. மத்தெயோத்தி நாடாளுமன்றத்தில் எடுத்துச் சொன்னார். ஜூன் 10-ல் பாசிஸ்டுகள் அவரைக் காரில் கடத்திக் கொன்றார்கள்.