அளந்துவிட்டு விட்டுவிட்டால் அது வேட்டையா?

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் ஆராய்ச்சிக்கு என்ன விலக்கு என்று பலர் கேட்டிருந்தீர்கள். களத்தில் அலைந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பதில்கள்.

சார், நட்சத்திர ஆமையைப் பிடித்து, அதன் ஓட்டின் நீளத்தை அளந்து, அங்கேயே விட்டுவிடுவேன். அதற்குமா அனுமதி? (முதுகலை மாணவி, திருச்சி)

ஆமாம்மா. இந்தச் சட்டத்தில் பிடிப்பதும் வேட்டை, பிடிக்க முயல்வதும் வேட்டை. பறவைக் கூட்டைக் கலைத்தாலும் அதே கணக்குதான். உங்களுக்கான வழி பிரிவு 12. மாநில வனத்துறையின் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் அனுமதி தருவார். அதற்கு முன் முதல் அட்டவணை (சட்டம் மிக அதிகப் பாதுகாப்பு தரும் பட்டியல்) விலங்கு என்றால் மத்திய அரசும், மற்றவற்றுக்கு மாநில அரசும் சம்மதிக்க வேண்டும். காகிதம் நகர நாளாகும். ஒருமுறை எனக்கு அனுமதி வந்தபோது மழைக்காலம் முடிந்து, குட்டையில் சேறுகூட இல்லை.

சரணாலயத்துக்குள் ஆய்வு செய்யக் கடிதம் இருக்கிறது. பிடிக்கலாம்தானே?

அது பிரிவு 28. உள்ளே போக மட்டும்தான். பிடிக்க வேண்டுமென்றால் பிரிவு 12 தனி.

சாலையில் அடிபட்டுச் செத்த மரநாயைக் காலேஜ் மியூசியத்துக்கு எடுத்து வரலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. செத்தாலும் அது அரசின் சொத்து, பிரிவு 39. படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, வனத்துறைக்கு போன் போடுங்கள். ஃபார்மலின் பாட்டிலும் மரநாயுமாக செக்போஸ்ட்டில் நின்றால் "ஆராய்ச்சி" என்ற சொல் எடுபடாது.

வெளிநாட்டு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாமா?

பதிவு பெற்ற இரு அறிவியல் நிறுவனங்கள் லாப நோக்கமின்றி, லேபிள் ஒட்டிப் பரிமாறும் பதப்படுத்திய அருங்காட்சியக மாதிரிகளுக்கு சைட்டிஸ் ஒப்பந்தத்தில் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) சலுகை உண்டு. உயிருள்ள விலங்குக்குக் கிடையாது. நம் நாட்டிலிருந்து உயிரோடு போன ரீசஸ் குரங்குகள் ராணுவக் கதிர்வீச்சுச் சோதனைகளில் பயன்பட்டது தெரியவந்த பிறகுதான் 1978-இல் அந்த ஏற்றுமதியே நின்றது.

அப்புறம் இருளர்கள் மட்டும் எப்படிப் பாம்பு பிடிக்கிறார்கள்?

அதுவும் பிரிவு 12 தான். உயிர்காக்கும் மருந்துக்கு நஞ்செடுப்பது அதில் தனியாகவே எழுதியிருக்கிறது. பாம்புத்தோல் வியாபாரம் தடையானபின் பிழைப்பு போனவர்கள், 1978-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் போய்ப் பாருங்கள்: வாயைத் துணியால் கட்டிய மண்பானைகள், உள்ளே நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். சில வாரம் வைத்து நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் சின்னதாக வெட்டி அடையாளமிட்டுக் காட்டில் விடுகிறார்கள். அதே பாம்பு மறுபடி சிக்கினால் செதிலே சொல்லிவிடும். உங்கள் ஆய்வு விண்ணப்பத்தில் 'பிடித்தபின் என்ன செய்வீர்கள்' என்ற இடத்தை இந்த அளவுக்கு விவரமாக நிரப்புங்கள். பாதிக் கேள்விகள் வராது.