சில்லருக்கு முன்னால் ஒரு ஃபேன்

கேள்வி: நாங்கள் ஆந்திராவிலுள்ள நகரியில் இருக்கிறோம். வீட்டை ஒட்டியே தறி ஷெட். ஆறு மாதத்துக்கு முன் சென்னை கொளத்தூரில் 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வாங்கினேன். இரண்டு நீமோ மீன், ஒரு கிளீனர் இறால், கையகலத்துக்குப் பவளம். கத்திரி தொடங்கியதிலிருந்து மதியத்தில் தண்ணீர் 32 டிகிரியைத் தொடுகிறது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. கடைக்காரர், “ஃபேன் எல்லாம் சரிப்படாது, தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் மெஷின்தான்” என்று 22,000 ரூபாய் சொல்கிறார். ஆன்லைனில் மினி சில்லர் 6,500 ரூபாய்க்கு இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. அவர் சென்னைக் காற்றை வைத்துப் பேசுகிறார். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஃபேன் போட்டாலும் தண்ணீர் சுலபத்தில் ஆவியாகாது. உங்கள் ஊர் மதிய வெயில் வறண்ட வெயில். மண்பானைத் தண்ணீர் சென்னையைவிட உங்கள் வீட்டில் ஜில்லென்று இருக்குமே, அதே கணக்குதான். 60 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் ஆவியானால், சுமார் 9, 10 டிகிரிக்கு உரிய சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அறையின் சூடு திரும்ப உள்ளே வந்துகொண்டே இருப்பதால் முழுசாகக் கைக்கு வராது. ஆனாலும் 3, 4 டிகிரி இறங்கும். அதாவது 28, 29. நீமோவுக்கு அது போதும், பவளமும் தாக்குப்பிடிக்கும்.

கம்ப்யூட்டருக்குள் இருக்குமே, அந்த 12 வோல்ட் சின்ன ஃபேன் இரண்டு வாங்குங்கள். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர்ப் பரப்பைத் தடவிக்கொண்டு காற்று போகிற மாதிரி சாய்த்து மாட்டுங்கள். மூடி இருந்த இடத்தில் நைலான் வலை கட்டாயம், நீமோ துள்ளி வெளியே விழும். அறையில் ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் ஈரம் அங்கேயே தங்கிவிடும். ஹீட்டர் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். விளக்கை மதியத்தில் அணைத்து, சாயங்காலத்துக்கு மேல் போடுங்கள். வாயைப் பிளப்பதற்குக் காரணம் சூடு மட்டுமல்ல. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் நிற்கும். அதனால் பம்பின் வாயை மேல்பக்கம் திருப்பி, பரப்பு அலையடிக்கும்படி வையுங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். தொட்டிக் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்து, காலையும் மாலையும் அந்தக் கோடு வரைக்கும் உப்புப் போடாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள். கடல்நீர் கலந்து ஊற்றினால் ஒரே வாரத்தில் உப்பு ஏறி இறால்தான் முதலில் போகும். நான் ஒரு வெயில் காலத்தில் பதற்றப்பட்டு, ஃப்ரிட்ஜிலிருந்த ஐஸ் கட்டிகளை ஒரு கிண்ணம் நிறைய அப்படியே கொட்டி, ஓர் இறாலை இழந்தவன். சூடும் உப்பும் ஒரே நேரத்தில் சரேலென்று இறங்கிவிட்டன. ஐஸ்தான் வேண்டுமென்றால் அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, மூடியோடு மிதக்க விடுங்கள். ஒரு பாட்டில் ஒரு டிகிரிக்கும் சற்றுக் குறைவாகத்தான் இறக்கும். கரண்ட் போகும் நாளுக்கு அது கைகொடுக்கும். தினசரி வைத்தியம் ஆகாது.

ஃபேன் நிரந்தரம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருகாணிகளில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும், ஒரு நாள் கிர்ரென்று சத்தம் போட்டு நிற்கும். சில நூறு ரூபாய்ச் சாமான், மாற்றிக்கொள்ளலாம். கரண்ட் போனால் 12 வோல்ட் பேட்டரியிலேயே ஓடும் என்பது அதன் பெரிய லாபம்.

இத்தனைக்கும் பிறகு 30க்குக் கீழே வராவிட்டால், அல்லது பவளத்தைப் பெருக்கும் ஆசை இருந்தால், சில்லர் வாங்குங்கள். ஆன்லைன் மினி சில்லரில் பெரும்பாலும் ஃப்ரிட்ஜில் இருப்பது போன்ற கம்ப்ரெஸர் இருக்காது, கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சுடும் பெல்டியர் தகடுதான். அது தின்னும் கரண்டுக்கும் தரும் குளிர்ச்சிக்கும் சம்பந்தமே இருக்காது. பத்துப் பதினைந்து லிட்டருக்கு வேண்டுமானால் பார்க்கலாம். கம்ப்ரெஸர் சில்லர் என்றால் கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். உள்ளே இருப்பது கடல்நீர் அரிக்காத டைட்டானியம் காயிலா? அறை 40 டிகிரியில் இருக்கும்போது 60 லிட்டரை எத்தனை டிகிரி இறக்கும்? பெட்டியில் அச்சிட்ட லிட்டர் கணக்கு குளுகுளு அறைக்கு எழுதியது. சில்லர் வெளியே தள்ளும் சூடும் உங்கள் அறைக்குள்தான் வரும், ஸ்டாண்டு அலமாரிக்குள் அடைத்து வைக்காதீர்கள்.

பில்லும் வாரண்டி கார்டும் கேட்டு வாங்குங்கள். ‘மாநிலம் தாண்டி வாங்கியதற்கு எங்கே போய் நிற்பது’ என்ற கவலை வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை சென்னையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் மதிப்பு 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: திருத்தணியிலிருந்து எழுதுகிறேன். பழைய ஃப்ரிட்ஜின் காப்பர் பைப்பைச் சுருட்டித் தொட்டிக்குள் போட்டால் சில்லர் மாதிரி வேலை செய்யும் என்று மெக்கானிக் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: குளிரும். ஆனால் கடல்நீர் செம்பை அரிக்கும். கரைந்த செம்பு கொஞ்சமே இருந்தாலும் இறாலும் பவளமும் பிழைக்காது. கல்லிலும் மணலிலும் ஊறிவிட்டால் தண்ணீரை மாற்றினாலும் லேசில் போகாது. மெக்கானிக்கிடம் நன்றி சொல்லிவிட்டு, அந்த பைப்பை எடைக்குப் போட்டுவிடுங்கள்.