பெரிய கொம்பனித் தலைவர்மார் சொந்த ஜெட்ல பறக்கிறது சூழலுக்கு உண்மையாவே அவ்வளவு கேடா, இல்லாட்டி எங்களுக்கு எரிச்சலா?

கேடுதான். எரிச்சலும் இருக்கும், அதில வெக்கப்பட ஒண்டும் இல்ல, ஆனா எரிச்சலை ஒரு பக்கம் வச்சிட்டு வெறும் கணக்கை மட்டும் பாத்தாலும் பதில் மாறாது. கேள்வியோட சேர்த்து "உலகத்தில மொத்தமே கொஞ்ச ஜெட்தானே, அதை நிப்பாட்டினா மட்டும் வெயில் குறையுமா" எண்டும் கேட்டிருக்கிறீங்கள், அதுக்கும் கீழ வாறன்.

முதல்ல அளவு. சுவீடன்ல இருக்கிற பேராசிரியர் ஸ்டெஃபான் கோஸ்லிங்கும் கூட வேலை செய்த ஆக்களும் 2024 நவம்பர்ல ஒரு ஆய்வு வெளியிட்டவை. 2019ல இருந்து 2023 வரைக்கும் பறந்த தனியார் விமானங்களின்ர தடங்களை எடுத்து, ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட பயணங்களை ஒவ்வொண்டாக் கணக்குப் போட்டுப் பாத்தவை. 2023ல மட்டும் குறைஞ்சது 15.6 மில்லியன் தொன் காபனீரொட்சைட்டு. 2019ஐ விட 46 வீதம் கூட. அதில எனக்குச் சரியாக் கோவம் வந்த இடம் என்னெண்டால், இந்தப் பயணங்களில பாதிக்குக் கிட்ட 500 கிலோமீற்றருக்கு உள்ளுக்க. பருத்தித்துறையில இருந்து தெய்வேந்திரமுனை வரைக்கும் நேர்கோட்டில 430 கிலோமீற்றர் அளவுதான் வரும். அதாவது எங்கட முழு நாட்டையும் ஒருக்காத் தாண்டுற தூரம், இல்லாட்டி அதிலயும் குறைவு, அதுக்குத்தான் கன பேர் ஜெட் எடுக்கினம். அதுவும் இந்தப் பயணங்கள் கூட நடக்கிறது கோச்சியும் நல்ல ரோட்டும் சாதாரண பிளைட்டும் இருக்கிற அமெரிக்கா ஐரோப்பாப் பக்கம்.

நான் ஏன் இதில இவ்வளவு இழுத்துக் கதைக்கிறன் எண்டால் என்ர வேலையே இந்தக் கணக்குத்தான். கொழும்பில ஒரு கார்மென்ட்ஸ் ஏற்றுமதிக் கொம்பனியில இருக்கிறன், எங்களிட்ட உடுப்பு வாங்கிற வெளிநாட்டு பையர்மாருக்கு வருஷா வருஷம் சூழல் படிவம் நிரப்பிக் குடுக்கிறது என்ர பொறுப்பு. அந்தப் படிவத்தைப் பாத்தா விளங்கும், ஒண்டும் தப்பாது. ஜெனரேட்டர் ரூமில ஒரு சிஆர் கொப்பி கட்டித் தொங்கும், ஒவ்வொரு முறை கரண்ட் போகேக்கையும் எத்தின மணிக்குப் போட்டது எத்தினைக்கு நிப்பாட்டினது எவ்வளவு டீசல் விட்டது எண்டு கிரீஸ் கையோட எழுதி வச்சிருப்பினம், அதை நான் மாசக் கடைசியில கூட்டி, ஒரு லீற்றர் டீசலுக்கு 2.68 கிலோ காபனீரொட்சைட்டு எண்டு பெருக்கிப் போடுவன். பொயிலருக்கு எரிக்கிற விறகு, ஏசிக்கு அடிக்கிற காஸ், ஆக்களை ஏத்தி இறக்கிற பஸ் எத்தின கிலோமீற்றர் ஓடினது, எல்லாம் போகோணும். பில் இல்லாட்டித் திருப்பி அனுப்புவினம். இது பிழை எண்டு நான் சொல்லேல்ல, கணக்கு எடுக்கத்தான் வேணும், எடுத்தபடியாத்தான் எங்கட செலவும் குறைஞ்சது.

அப்பிடி ஒரு பையர் கொம்பனியில இருந்து மேலிடத்து ஆக்கள் சிலபேர் வந்தவை, டாக்காவில இருந்து வாடகை ஜெட்ல கட்டுநாயக்கவுக்கு. டாக்காவுக்கும் கொழும்புக்கும் சாதாரண பிளைட் இருக்கு, அவையின்ர நேரத்துக்குச் சரிவரேல்லயாம். பக்டரியைச் சுத்திப் பாத்தவை, கூரையில இருக்கிற சோலார் பனலுக்கு முன்னால படம் எடுத்தவை, மீட்டிங் மேசையில பிளாஸ்டிக் தண்ணிப் போத்தல் இருந்ததைப் பாத்து இனிக் கண்ணாடி ஜக் வையுங்கோ எண்டும் சொல்லிப்போட்டுப் போனவை. அண்டைக்குப் பின்னேரம் அவையைக் கூட்டி வந்த வான்காற அண்ணை, கொட்டாஞ்சேனை ஆள், டீ குடிச்சுக்கொண்டு என்னட்டச் சொன்னார்: "மிஸ், இவையை இறக்கிப் போட்டு அந்தப் பிளேன் அடுத்த ஆக்களை ஏத்த வெறுமனே சிங்கப்பூருக்கு எழும்பிட்டுது. நாளைக்கு இவையைக் கூட்டிப்போக வேற ஒண்டு வருதாம், அதுவும் ஆள் இல்லாமத்தான்."

இதுதான் வெளியில கன பேருக்குத் தெரியாத விஷயம். தனியார் ஜெட் பறக்கிறதில கிட்டத்தட்ட 40 வீதம் ஆளே இல்லாமப் பறக்கிறது. ஆளை இறக்கின இடத்தில இருந்து அடுத்த ஆள் நிக்கிற இடத்துக்குப் போகோணும், இல்லாட்டித் தரிச்சு நிக்க இடம் தேடிப் போகோணும். உள்ளுக்க ஒருத்தரும் இல்லாட்டியும் எஞ்சின் குடிக்கிறதைக் குடிச்சுக்கொண்டுதான் இருக்கும். கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 மாதிரிப் பெரிய ஜெட் மணித்தியாலத்துக்கு 1,700 லீற்றர் பக்கம் எரிக்கும். ஒரு கிலோ விமான எண்ணெய் எரிஞ்சா 3.16 கிலோ காபனீரொட்சைட்டு, ஏனெண்டால் எண்ணெயில இருக்கிற காபன் காத்தில இருக்கிற ஒட்சிசனோட சேருது, அதால நிறை கூடும். அப்பப் பாத்தா மணிக்கு நாலு தொன்னுக்கு மேல. கொழும்பில இருந்து சிங்கப்பூருக்கு மூண்டரை மணித்தியாலம் எண்டு வச்சாலும் அந்த ரக ஜெட் ஒண்டு 15 தொன் விட்டிருக்கும். என்ர கணக்கில அது எங்கட ஜெனரேட்டர் 5,600 லீற்றர் டீசல் குடிக்கிறதுக்குச் சமன். அந்த 5,600 லீற்றருக்கு நான் பில் காட்டோணும், ஆளில்லாமப் போன பிளேனுக்கு ஆர் எங்க காட்டினவை?

விதிப்படி பாத்தா காட்டத்தான் வேணும். கொம்பனி சொந்தமா வச்சிருக்கிற ஜெட் எரிக்கிறது அந்தக் கொம்பனியின்ர நேரடி வெளியேற்றம், வாடகைக்கு எடுத்தது வேலைப் பயணத்துக்குள்ள வரும். ஆனா அறிக்கையில பயணம் எண்டு ஒரே ஒரு கூட்டுத்தொகை போட்டா, அதில மனேஜர் எக்கொனமியில போனதும் தலைவர் தனி ஜெட்ல போனதும் ஒண்டாக் கலந்துபோகும். ஒரு ஆளுக்கு எவ்வளவு எண்டு பாத்தா சாதாரண பிளைட்டை விடத் தனியார் ஜெட் 5ல இருந்து 14 மடங்கு கூட எண்டு ஐரோப்பாவில போக்குவரத்தும் சூழலும் பாக்கிற அமைப்பு 2021ல கணக்குக் காட்டினது.

இனி 2022ல வந்த எரிபொருள் தட்டுப்பாட்டை யோசிச்சுப் பாருங்கோ, கொழும்பில இருந்த ஒருத்தருக்கும் அது மறக்காது. காலி வீதியில பெற்றோல் ஷெட்டில இருந்து தொடங்கி ஒழுங்கைக்குள்ள மடங்கி மடங்கிப் போற கியூ, த்ரீவீல் ஓடுற ஆக்கள் வாகனத்துக்குள்ளயே நாள்க்கணக்கா நித்திரை, பிறகு ஜூலையில எண்ணெயை அளந்து குடுக்கிற கியூஆர் முறை வந்தது. லெமினேட் பண்ணிக் கண்ணாடியில தொங்கவிட்ட அந்தக் கட்டம் கட்டமான கடதாசிக்கு கிழமைக்கு த்ரீவீலுக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4, காருக்கு 20. வயிறு எரிஞ்சுகொண்டுதான், ஆனாலும் கட்டுப்பட்டு நடந்தம், அந்த முறையும் வேலை செய்தது. அந்த 5 லீற்றரை வருஷம் முழுக்கப் போட்டா 260 லீற்றர். ஜெட் ஒரு மணித்தியாலத்தில எரிக்கிறதை ஒரு த்ரீவீலுக்குக் குடுத்தா ஆறு வருஷத்துக்கு மேல ஓடும். சாதாரண சனத்துக்கு எண்டால் சில கிழமைக்குள்ள ஒரு போன் எப் செய்து லீற்றர் லீற்றரா அளந்து குடுக்க ஏலும், ஜெட்டுக்கு மட்டும் கட்டுப்பாடு நடைமுறைக்கு ஒத்துவராது எண்டு சொல்லேக்க நான் நம்ப மாட்டன்.

"அவையின்ர நேரம் பெறுமதியானது, பாதுகாப்பு வேணும்" எண்டு ஒரு பதில் எப்பவும் வரும். பாதுகாப்புப் பிரச்சினை உண்மையா இருக்கிற சிலபேர் இருக்கினம், அதை நான் மறுக்கேல்ல. ஆனா 2008 நவம்பர்ல ஜிஎம், ஃபோர்ட், கிறைஸ்லர் மூண்டு கார்க் கொம்பனித் தலைவர்களும் அமெரிக்க அரசாங்கத்திட்ட 25 பில்லியன் டொலர் கடன் கேக்க டெட்ரொயிட்ல இருந்து வொஷிங்டனுக்கு மூண்டு தனித்தனி ஜெட்ல போனவை. அங்க அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரஸ் ஆக்கள் நல்லாக் கேள்வி கேட்டவை. அடுத்த மாசம் திருப்பிப் போகேக்க மூண்டு பேரும் காரில போனவை! ஒரு மாசத்துக்குள்ள நேரமும் பாதுகாப்பும் எப்பிடி மாறினது? ஆக்கள் பாத்துக்கொண்டு இருந்தபடியாத்தான் மாறினது. அதால ஆக்கள் பாக்கோணும், கேக்கோணும் எண்டுறதில எனக்குச் சந்தேகமே இல்ல. 2024ல ஸ்டார்பக்ஸ் கோப்பிக்கடைக் கொம்பனிக்குப் புதுத் தலைவரா பிரையன் நிக்கோல் வரேக்க, கலிபோர்னியாவில வீட்டில இருந்துகொண்டு 1,600 கிலோமீற்றர் தள்ளி சியாட்டில்ல இருக்கிற ஒஃபிசுக்குக் கொம்பனி ஜெட்ல வந்து போகலாம் எண்டு வேலைக் கடிதத்திலயே இருந்தது. அதே கொம்பனி 2018ல பிளாஸ்டிக் ஸ்ட்ரோவை நிப்பாட்டப் போறம் எண்டு பெரிசா அறிவிச்சது. கடையில கோப்பி குடிக்கிற பிள்ளை கடதாசி ஸ்ட்ரோவால குடிக்கோணும், சரி, குடிக்கட்டும், ஆனா அதே அளவுகோல் மேலயும் போகோணும்.

காசு எங்க இருந்து வருது எண்டதையும் பாக்கோணும். ஒரு ஜி650 புதுசா வித்த காலத்தில 65 மில்லியன் டொலர் அளவு. அமெரிக்காவில 2025 ஜூலையில வந்த சட்டத்தின்படி வியாபாரத்துக்கு வாங்கின ஜெட்டின்ர முழு விலையையும் முதல் வருஷமே செலவு எண்டு வருமானத்தில கழிச்சு வரியைக் குறைக்கலாம். வரி கழிச்சா அந்தளவுக்கு அரசாங்கத்தின்ர கஜானாவில ஓட்டை விழும், அதை அங்க சம்பளத்துக்கு வேலை செய்யிற சனம்தான் அடைக்கும். எண்ணெய்க்கும் இதே கதைதான், நாடுகள் விமானப் போக்குவரத்துக்கு எண்டு செய்த 1944 சிகாகோ ஒப்பந்தத்தில இருந்து வளர்ந்த வழக்கத்தால சர்வதேச பிளைட்டுக்கு அடிக்கிற எண்ணெய்க்குப் பெரும்பாலும் வரி இல்ல. வெள்ளவத்தைச் சந்தியில நிக்கிற த்ரீவீல் அண்ணை ஒவ்வொரு லீற்றருக்கும் வரி கட்டித்தான் அடிக்கிறார்.

சரி, "கொஞ்சம்தானே" எண்ட கேள்வி. உலகத்தில சாதாரண பயணிகள் விமானம் எல்லாம் விடுறதோட பாத்தா தனியார் ஜெட் விடுறது 2 வீதத்துக்கும் குறைவு, அது உண்மை. ஆனா இலங்கை முழுக்க, இரண்டு கோடியே இருபது லட்சம் சனம், கரண்ட், பஸ், பக்டரி எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு விடுறது 20 மில்லியன் தொன் பக்கம்தான், ஆளுக்கு ஒரு தொன் வரும். தனியார் ஜெட்டுக்கு 15.6. அதில பறக்கிறது அந்த ஆய்வின்படி உலகம் முழுக்க இரண்டரை லட்சம் பேர் அளவு, அதில ஆகக் கூடப் பறந்த ஆள் ஒரே வருஷத்தில 2,400 தொன் விட்டிருக்கிறார். எங்கட நாடு சின்னன், அது விடுறது கணக்கிலயே இல்ல எண்டு ஒருத்தரும் எங்களை விடேல்ல, பரிஸ் காலநிலை ஒப்பந்தத்தில இலங்கையும் இலக்குக் குடுத்திருக்கு. பிறகு ஏன் அவையை மட்டும் விடோணும்?

மழை எண்டால் இப்ப எங்களுக்கு நெஞ்சு பதறுது. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து 600க்கு மேல சனம் செத்தது. களனி கங்கை பெருகி கொலன்னாவ, வெல்லம்பிட்டிய பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி, பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கம் மலை சரிஞ்சு வீடுகளோட இறங்கினது. அந்தப் புயலை ஜெட்தான் கொண்டு வந்தது எண்டு சொன்னா அது பொய், நான் அப்பிடிச் சொல்லமாட்டன். காத்து ஒரு பாகை சூடானா 7 வீதம் அளவு கூட ஈரம் பிடிச்சு வைக்கும், விழேக்க அந்தளவுக்குக் கூட விழும், அது பௌதிகம். அந்தச் சூட்டுக்கு ஆளுக்கு ஒரு தொன் விடுற நாட்டில, அதிலயும் தோட்டத்து லயத்தில ஒரு பல்ப்போட இருக்கிற சனம் என்ன பங்கு போட்டது? மண் சரிஞ்சா முதல் போறது அவையின்ர வீடு. எனக்கு இந்த விஷயத்தில தாங்க ஏலாம இருக்கிறது இதுதான்.

பாவிச்ச சமையல் எண்ணெய் மாதிரிக் கழிவில இருந்து செய்யிற பச்சை எண்ணெய் போட்டுப் பறக்கிறம் எண்டு சிலபேர் சொல்லினம். 2024ல உலகம் முழுக்கப் பாவிச்ச விமான எண்ணெயில அது 0.3 வீதம். மரம் நட்டுச் சரிக்கட்டுறம் எண்டால் மரம் வளர இருபது முப்பது வருஷம், இண்டைக்கு விட்ட புகை இண்டைக்கே மேல போயிட்டுது.

என்ன செய்யலாம் எண்டால், வரி போடலாம், போட்டும் இருக்கினம். பிரான்ஸ் 2025 மார்ச்ல இருந்து தனியார் ஜெட் பயணத்துக்குத் தூரத்தைப் பொறுத்து ஆளுக்கு 2,100 யூரோ வரைக்கும் அறவிடுது. அதே பிரான்ஸ் 2023ல ரெண்டரை மணித்தியாலத்துக்குள்ள கோச்சியில போகக்கூடிய இடங்களுக்கு உள்நாட்டு பிளைட்டைத் தடை செய்தது, ஆனா தனியார் ஜெட்டை அதில சேர்க்காம விட்டுது. அது பெரிய பிழை. தடை எண்டால் முதல் அங்கதான் தொடங்கியிருக்கோணும்.

நாங்கள் இங்க இருந்துகொண்டும் பாக்கலாம். பறக்கிற பிளேன் தான் நிக்கிற இடத்தை ரேடியோ சிக்னல்ல சொல்லிக்கொண்டே போகும், சின்ன அன்டெனா வச்சு ஆர் வேணுமெண்டாலும் பிடிக்கலாம், ஃபிளைட்ரேடார் எப் எல்லாம் அப்பிடித்தான் ஓடுது. அதாலதான் எலான் மஸ்க்கின்ர ஜெட்டை ஒரு கொலிஜ் பெடியனால பின்தொடர ஏலுமா இருந்தது. இப்ப அமெரிக்கா 2024ல கொண்டு வந்த சட்டத்தில சொந்தக்காரர் தன்ர பேரைப் பதிவில இருந்து மறைக்கச் சொல்லிக் கேக்கலாம். அமெரிக்கப் பங்குச்சந்தையில இருக்கிற கொம்பனி எண்டால் இன்னொரு வழி இருக்கு, தலைவர் தன்ர சொந்தப் பயணத்துக்குக் கொம்பனி ஜெட்டைப் பாவிச்சா அந்தச் செலவை வருஷா வருஷம் பங்குதாரருக்கு அனுப்புற அறிக்கையில, சம்பள அட்டவணைக்குக் கீழ காட்டோணும். நான் இப்ப படிவம் அனுப்புற ஒவ்வொரு பையருக்கும் முதல் அதைத்தான் எடுத்து வாசிக்கிறன். அவையின்ர ஆக்கள் எங்களைப் பாக்க வாறதுக்கு நாள் குறிக்கேக்க, கொழும்புக்கு வாற சாதாரண பிளைட் நேரங்களையும் மெயில்ல சேர்த்து அனுப்பி, எதில வரப்போறீங்கள், அதை உங்கட அறிக்கையில எந்த இடத்தில போடுவீங்கள் எண்டு எழுத்தில கேக்கிறன். ஒருத்தர் பதில் போட்டவர், மற்ற ஆக்களுக்கு இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறன்.