பூட்டன் பெயர் எதற்கு என்று கேட்கும் மகளுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வளரும் உங்கள் 16 வயது மகள், "பூட்டன் பெயர் தெரிஞ்சு எனக்கு என்ன ஆகப்போகுது?" என்று கேட்பதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லாதீர்கள், கப்பலில் வந்தவர்களைப் பதிந்த கப்பல் பட்டியலைக் காட்டுங்கள்.

1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு (டர்பன் இருந்த பிரிட்டிஷ் குடியேற்றப் பகுதி) ஒப்பந்தக் கூலிகளாக வந்த சுமார் 1,52,000 பேருக்கும் ஆளுக்கொரு எண் உண்டு. வீட்டிலுள்ள பழைய திருமண, இறப்புச் சான்றிதழ்களைப் புரட்டுங்கள். எண் அதில் இருக்கலாம். கிடைத்தால் பட்டியலில் ஒரே வரி: வயது, அப்பா பெயர், சாதி, தாலுகா, ஊர், அப்புறம் உடம்பிலிருந்த தழும்பு.

ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர் கடித்துக் குதறியிருப்பார். வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும். அந்த வேலையை மகளிடமே விடுங்கள். கப்பலேறியவர்களில் பலர் அவளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்கள். அதை அவளே கண்டுபிடிக்கட்டும்.