நான் எடுத்த படம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: திருநெல்வேலியில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உள்ளூர் வார இதழ் ஒன்றுக்குச் சில மாதங்களாகப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். பயிற்சி என்பதால் சம்பளம் கிடையாது. ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடிக்கும் பெண்களை நான் எடுத்த படம் என் பெயர் இல்லாமல் இதழில் வந்தது. அடுத்த வாரமே ஒரு நகைக்கடையின் ஃபிளெக்ஸிலும் அதே படம். கேட்டால், "எங்களுக்காக எடுத்த படம், எங்களுக்குத்தான் சொந்தம்" என்கிறார் இதழாசிரியர். 5,000 ரூபாய் கட்டினால் பிரஸ் கார்டு தருவாராம், அப்புறம் பெயரும் போடுவாராம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் படம் உங்களுடையது. அதை நகைக்கடைக்குக் கொடுக்க அந்த இதழுக்கு உரிமையே இல்லை.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, புகைப்படத்துக்குப் படைப்பாளி அதை எடுத்தவர்தான். இந்த உரிமைக்காக எங்கேயும் பதிவு செய்ய வேண்டியதில்லை. படம் எடுத்தபோதே அது வந்துவிடுகிறது. உங்கள் ஆயுள் முழுக்க இருக்கும், அதற்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். "காப்பிரைட் ரிஜிஸ்டர் பண்ணித் தருகிறேன், அதில்லாமல் கேஸ் நிற்காது" என்று ஆள் யாராவது வந்தால் அவருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

ஆனால் "எங்களுக்காக எடுத்தது" என்ற வாதத்துக்குச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. மாணவர்கள் ஏமாறுவதும் அங்கேதான் என்பதால், இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சட்டத்தின் 17-ஆம் பிரிவு படைப்பாளியே முதல் உரிமையாளர் என்று சொல்லிவிட்டு, சில விலக்குகளையும் தருகிறது. முதல் விலக்கு பத்திரிகைகளுக்கானது. பத்திரிகையில் வேலை செய்பவரோ, ஒப்பந்தப்படி அங்கே தொழில் பழகுபவரோ அந்தப் பத்திரிகையில் வெளியிடுவதற்காக ஒரு படம் எடுத்தால், அதைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டும் முதலாளிக்குப் போகும். மற்ற உரிமை எல்லாம் எடுத்தவரிடமே இருக்கும். உங்கள் ஆசிரியர், 'நீ எங்களிடம் தொழில் பழகியவள்' என்று வாதிடலாம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவருக்குக் கிடைப்பது பத்திரிகையில் போடும் உரிமைதான். ஃபிளெக்ஸ் பத்திரிகை ஆகாது, நகைக்கடை காலண்டரும் ஆகாது. எனவே அவர் வாதத்தை முழுசாக ஏற்றாலும் அந்த ஃபிளெக்ஸ் தப்புதான்.

அதே பிரிவில் இன்னொரு விலக்கும் இருக்கிறது, மாணவர்களுக்கு அதுதான் ஆபத்து. ஒருவர் உங்களை அழைத்து, "இதைப் படம் எடுத்துக் கொடு, இவ்வளவு தருகிறேன்" என்று கூலி பேசி எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் படத்தின் உரிமை அவருக்கே போய்விடும். கல்யாண ஆல்பம், பள்ளி ஆண்டு விழா, கடைத் திறப்பு எல்லாம் இந்த ரகம். நீங்களாகப் போய் எடுத்த படத்தைப் பிறகு ஒருவர் விலை கொடுத்து வாங்குவது வேறு. அதில் என்ன உரிமையைக் கொடுத்தீர்களோ அது மட்டும்தான் போகும். உங்களுக்கோ ஒரு பைசாவும் தரவில்லை, கூலியும் பேசவில்லை. சும்மா வேலை வாங்கியவர்கள், கூலி கொடுத்தவர்களுக்கு இருக்கும் உரிமையைக் கேட்கிறார்கள். கேட்கவே எரிச்சலாக இருக்கிறது.

இனி யாராவது உங்கள் கையில் 300 ரூபாய் கொடுத்து, "ஊருணி தூர்வாருவதை எடுத்துட்டு வா" என்றால், கிளம்புவதற்கு முன்பே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். "இந்தப் படங்களை உங்கள் இதழில் என் பெயருடன் ஒருமுறை வெளியிட மட்டும் அனுமதி தருகிறேன். பதிப்புரிமை என்னுடையது. இதற்குச் சம்மதம் என்று பதில் அனுப்புங்கள்." அவ்வளவுதான், வக்கீல் தேவையில்லை. பதில் வந்த பிறகு போய் எடுங்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் பழக்கத்தையும் விடுங்கள். கோப்புக்குள் இருக்கும் தேதி, கேமரா விவரம், நீங்கள் எழுதி வைத்த பெயர் எல்லாம் அதில் உதிர்ந்துவிடும். மின்னஞ்சலில் அனுப்புங்கள், முடியாவிட்டால் வாட்ஸ்அப்பிலேயே டாக்குமென்டாக அனுப்புங்கள். மூலக் கோப்பையும் அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் அழிக்காதீர்கள். வடம் பிடித்த பெண்கள் படத்தை யாராவது தன்னுடையது என்றால், அதே பெண்கள் அதற்குச் சற்று முன்பு எந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள் என்று காட்ட உங்களால்தான் முடியும்.

பெயர் போடுவது சலுகை இல்லை. 57-ஆம் பிரிவுப்படி, படத்தின் உரிமை மொத்தத்தையும் விற்றுவிட்டாலும், 'இதை எடுத்தது நான்' என்று சொல்லும் உரிமை உங்களிடமே இருக்கும். அதற்கு 5,000 ரூபாய் கேட்பது, உங்கள் பொருளை உங்களுக்கே விற்பது.

இப்போது அந்தக் கார்டு. வருடக்கணக்காகப் பார்த்து நொந்துபோன விஷயம் இது. பத்திரிகையைப் பதிவு செய்யும் அமைப்பு, முன்பு ஆர்.என்.ஐ. என்றோம், 2024 மார்ச்சிலிருந்து புதிய சட்டத்தின்கீழ் பி.ஆர்.ஜி.ஐ. அது தனி ஆட்களுக்கு அடையாள அட்டை தருவதில்லை. கார்டில் அச்சடித்திருக்கும் பதிவு எண் அந்த இதழுக்கு உரியது, உங்களுக்கு எந்தத் தகுதியையும் தராது. அரசு அங்கீகார அட்டையைத் தருவது செய்தி மக்கள் தொடர்புத் துறை. அதற்குப் பத்திரிகை தன் செய்தியாளருக்காக விண்ணப்பிக்கும், செய்தியாளரிடம் கட்டணம் வாங்காது. உங்கள் ஆசிரியர் விற்பது பிளாஸ்டிக் அட்டை மட்டும்தான். இந்த வியாபாரத்துக்காகவே வருடத்துக்கு நாலு இதழ் அச்சடிப்பவர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அட்டையை வாங்கி வண்டியில் 'பிரஸ்' ஸ்டிக்கர் ஒட்டியவர்கள், நாளைக்கு அட்டை விற்ற ஆள் மிரட்டிப் பணம் பறித்த வழக்கில் மாட்டும்போது, அதே அட்டையோடு காவல் நிலைய வாசலில் நிற்பார்கள். ரத வீதியில் தேரைப் படம் எடுக்க எந்தக் கார்டும் தேவையில்லை. போலீஸ்காரர் கேட்டால் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டி, பாடத்துக்காக எடுக்கிறேன் என்று பணிவாகச் சொல்லுங்கள்.

கல்லூரிகள்மீதும் எனக்குக் கோபம் உண்டு. இன்டர்ன்ஷிப் மதிப்பெண்ணுக்கு எந்த லெட்டர்பேடில் சான்றிதழ் வந்தாலும் வாங்கி ஃபைலில் வைக்கிறார்கள். அந்த இதழ் ஒழுங்காக வருகிறதா, மாணவர் படத்துக்குப் பெயர் போடுகிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டால் பாதித் தொல்லை தீரும். உங்கள் துறைத் தலைவரிடம் இதை எழுத்தில் கொடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: ஃபிளெக்ஸ் கழற்றப்படுவதற்குள் கடைப் பெயரும் சுற்றுப்புறமும் தெரிகிற மாதிரி அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதழின் அந்தப் பக்கத்தையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு இதழுக்கும் நகைக்கடைக்கும் தனித்தனியே ஸ்பீட் போஸ்டில் கடிதம் எழுதுங்கள். படம் உங்களுடையது, அனுமதி தரவில்லை, ஃபிளெக்ஸை எடுக்க வேண்டும், பயன்படுத்தியதற்கு இவ்வளவு தொகை தர வேண்டும், அடுத்த இதழில் பெயரோடு திருத்தம் போட வேண்டும் என்று நாலு வரி போதும். கடைக்காரர் பெரும்பாலும் உடனே இறங்கி வருவார். காசு கொடுத்துத்தான் படத்தை வாங்கியிருப்பார், வம்பு அவருக்கு வேண்டாம். யாரிடம் எவ்வளவு கொடுத்தார் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் 62-ஆம் பிரிவுப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். வழக்கு மெதுவாகத்தான் நகரும், ஒரு படத்துக்காக அத்தனை வாய்தாவுக்கு அலைய உங்களால் முடியாது என்று அவர்களுக்கும் தெரியும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் போய்க் கேளுங்கள். வாசலில் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வரும் தரகரோடு பேச்சே வேண்டாம்.